கேட்டது கேட்டபடி: ஆகஸ்ட் 14ஆம் தேதி நாராவில் இருங்கள்

இரண்டு இதழுக்கு முன்னால், யாரோ கேட்ட வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ஜப்பானில் ஒரு ஆகஸ்ட் மாதம் இருட்டில் ஆயிரக்கணக்கான விளக்குகளுக்கு நடுவே நடந்ததைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இத்தனை பேர் ஜப்பானில் வேலை பார்க்கிறார்கள் என்பதே எனக்கு இப்போதுதான் தெரிந்தது. சரி, இந்த வாரப் பக்கம் முழுக்க அதற்கே.

குளச்சலிலிருந்து ஒரு வாசகி: மகன் ஒசாகாவில் இருக்கிறான், ஆகஸ்டில் வாங்க அம்மா என்கிறான். கோடை ராத்திரிகளில் பழைய கோயில்களை விளக்குப் போட்டுத் திறந்து வைப்பார்களாமே, எதற்குப் போகலாம்? முழங்கால் வலி உண்டு, அதிகம் நடக்க முடியாது.

அக்கா, மகன் ஒசாகாவில் இருக்கிறான் என்றால் பாதி வேலை முடிந்தது. நேரே நாராவுக்குப் போங்கள். ஒசாகா நம்பா நிலையத்திலிருந்து கிந்தெத்சு ரயிலில் ஏறினால் சுமார் 40 நிமிடம், ஏறக்குறைய நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் கன்னியாகுமரி போகிற நேரம்தான். 8ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் தலைநகரமாக இருந்த ஊர் அது.

அங்கே ஆண்டுதோறும் ஆகஸ்ட் 5 முதல் 14 வரை பத்து இரவுகள், ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை, நாரா பூங்காவின் புல்வெளிகளிலும் குளக்கரையிலும் சுமார் 20,000 மெழுகுவர்த்திகளைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஏற்றி வைக்கிறார்கள். நாரா தோகயே என்று பெயர். பழங்காலத் திருவிழா என்று நினைத்துவிடாதீர்கள், 1999ல்தான் தொடங்கினார்கள். பெயருக்கு ஒரு பொருள் உண்டு: விளக்குத் திரியின் நுனியில் கருகி முடிச்சுப் போலக் கட்டுமே, நாம் அதைக் குச்சியால் தட்டிவிட்டுத் திரியைத் தூண்டுவோம், அவர்கள் அதை விளக்கில் பூத்த பூ என்று சொல்லி நல்ல சகுனமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பூதான் பெயரில் இருக்கிறது. கட்டணம் இல்லை, பெரும்பாலும் சமதரை, கால் வலித்தால் புல்லிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். உங்கள் முழங்காலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆனால் நான் சொல்ல வருவது தேதி. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று மகன் டிக்கெட் போட்டுவிடப் போகிறான், 14ஆம் தேதி நாராவில் இருக்கும்படி போடச் சொல்லுங்கள். மெழுகுவர்த்திகளுக்கு அதுதான் கடைசி இரவு, அதே இரவில் காசுகா தைஷா என்கிற கோயிலில் விளக்குத் திருவிழா தொடங்குகிறது, 14, 15 இரண்டு இரவு. அங்கே பாதையின் இரு பக்கமும் பாசி பிடித்த கல்விளக்குகள், உள்ளே கூரையின் ஓரமெல்லாம் தொங்கும் வெண்கல விளக்குகள், எல்லாமாக 3,000. பக்தர்கள் நூற்றாண்டுக் கணக்கில் நேர்ந்துகொண்டு கொடுத்தவை, நம் கோயில்களில் தூக்குவிளக்கில் உபயதாரர் பெயரை வெட்டியிருப்பார்களே அது மாதிரிதான். காகிதம் ஒட்டிய சின்னச் சின்னச் சன்னல்களுக்குப் பின்னால் எரியும், காற்றடித்தால் வெளிச்சம் நெளியும், அவ்வளவுதான் வெளிச்சம். முன்னால் போகிறவரின் முதுகுகூடச் சரியாகத் தெரியாது. பாதை கொஞ்சம் ஏற்றம், பஸ் உண்டு, நடக்காதீர்கள். அப்படியும் முடியவில்லை என்றால் பகலில் போங்கள், கோயிலுக்குள் ஒரு கூடத்தை இருட்டாக்கி விளக்குகளை ஏற்றியே வைத்திருக்கிறார்கள், எந்த மாதமும் பார்க்கலாம்.

அப்புறம் 15ஆம் தேதி தோதாய்ஜி. பெரிய புத்தர் இருக்கிற கோயில், உட்கார்ந்த நிலையிலேயே சுமார் 15 மீட்டர் உயரம். மண்டபத்தின் முகப்பில் மேலே ஒரு சன்னல், வருடத்தில் இரண்டே இரவுகள் மட்டும் திறப்பார்கள், புத்தாண்டு இரவு ஒன்று, ஆகஸ்ட் 15 இரவு ஒன்று. வெளியே சுமார் 2,500 விளக்குகள் எரிய, அந்தச் சன்னல் வழியாகப் புத்தரின் முகம் மட்டும் வெளிச்சத்தில் தெரியும். சன்னதிக்குள் நுழையாமல் கொடிமரத்தடியில் நின்றே மூலவரின் முகத்தைப் பார்க்கிற மாதிரி.

இந்தப் புத்தருக்கும் நமக்கும் ஒரு உறவும் உண்டு. 752ல் சிலைக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்கிற இந்தியத் துறவி, தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்பது மரபு, மதுரைக்காரர் என்று சொல்வாரும் உண்டு. அவர் பிடித்த தூரிகையில் சுமார் 200 மீட்டர் நீளமுள்ள நீலக் கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறந்த புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு கிடைக்க. சுசீந்திரம் தேரில் வடத்தை ஒரு கையாவது தொட்டுவிட வேண்டும் என்று முண்டியடிக்கிற நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூரிகையும் கயிறும் பக்கத்திலேயே ஷோசோயின் என்கிற கருவூலத்தில் இன்றும் இருக்கின்றன. மண்டபம் மட்டும் பழையது இல்லை, 1180லும் 1567லும் எரிந்து, இப்போது நிற்பது 1709ல் முடித்தது.

நாரா பூங்காவில் திரிகிற மான்களைப் பற்றி மகன் சொல்லியிருப்பான். ராத்திரி அவை புல்லில் படுத்துத் தூங்கும், இருட்டில் மிதித்துவிடாதீர்கள்.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: கோட்டைகளை விட்டுவிட்டீர்களே சார்? ராத்திரி கோட்டைக்குள் போக முடியுமா? ஹிமேஜியா, ஒசாகாவா, எது நல்லது?

தம்பி, நானும் உன்னைப் போலத்தான் நினைத்துக்கொண்டு ஹிமேஜி போனேன், மாலை ஏழு மணிக்கு. வாசலில் இருந்தவர் இடுப்பு வரை குனிந்து வணங்கி, மன்னிக்க வேண்டும், மூடியாகிவிட்டது என்றார். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் மூடியது மூடியதுதான். கோடையிலும் ஆறு மணிக்குள் மூடிவிடுவார்கள், அதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிக்கெட் நிறுத்திவிடுவார்கள். அதனால் ஒன்றைத் தெரிந்துகொள், கோட்டைகள் ராத்திரியில் பெரும்பாலும் வெளியிலிருந்து பார்க்கத்தான். ஏதாவது விழாவென்றால் சில கோட்டைகளில் வளாகத்தை இரவு திறப்பார்கள், கியோத்தோவின் நிஜோ கோட்டையில் அண்மைக் காலத்தில் கோடை இரவு நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு வருடமும் தேதியும் ஏற்பாடும் மாறும், போவதற்கு முன்னால் பார்த்துக்கொள்.

அன்று ஏமாற்றத்தோடு கோட்டைக்கு முன்னால் இருக்கிற பெரிய புல்வெளியில் உட்கார்ந்தேன், அதற்குக் காசு கிடையாது. இருட்ட இருட்ட விளக்குகள் ஏறின. ஹிமேஜி முழுக்கச் சுண்ணாம்புச் சாந்து பூசிய வெள்ளைக் கோட்டை, வெள்ளைக் கொக்குக் கோட்டை என்றே பெயர், பகலில் வெயிலில் கண் கூசும், ராத்திரியில்தான் அடுக்கடுக்கான கூரைகளின் வளைவு தனித்தனியாகத் தெரிகிறது. நள்ளிரவு வரை எரியும். அதன் பிரதான மாடம், அதாவது நடுவில் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கிற கட்டடம், 1609ல் மரத்தால் எழுப்பியது. 1993ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ஒசாகா? உள்ளே லிஃப்ட் இருக்கிறது. இப்போது நிற்கும் மாடம் 1931ல் ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையில் கட்டிய கான்கிரீட் கட்டடம். அதற்காக மட்டமில்லை, அகழியில் அதன் நிழல் விழுவது அழகுதான், ஆனால் பழைய மரக்கோட்டை என்று நினைத்து வாயைப் பிளக்காதே. ஜப்பானில் பழைய மாடம் அப்படியே நிற்கிற கோட்டைகள் மொத்தம் 12தான். ஹிமேஜி, மத்சுமொத்தோ, ஹிக்கொனே, இனுயாமா, மத்சுயே, கோச்சி எல்லாம் அதில் சேரும். மத்சுமொத்தோ கறுப்புக் கோட்டை, பின்னால் மலை, முன்னால் அகழித் தண்ணீர். ஹிமேஜிக்கு அடுத்து நேரம் இருந்தால் அது.

என் அபிப்பிராயம் கேட்டால், ஃப்ளட்லைட் போட்ட கோட்டையை நீ ஏற்கெனவே போனில் பார்த்துவிட்டாய், நேரில் போனாலும் அதுவேதான். மெழுகுவர்த்தி அப்படி இல்லை, போனில் வராது.

தக்கலை வாசகர்: நம் பத்மநாபபுரம் அரண்மனையையும் இப்படி ராத்திரி விளக்கு ஏற்றித் திறக்கக் கூடாதா? ஜப்பான்காரன் செய்கிறான், நம்மால் முடியாதா?

கேள்வி நல்ல கேள்வி, என் பதில் உங்களுக்குப் பிடிக்காது. உள்ளே வேண்டாம்.

1601 வாக்கில் தொடங்கிய மர அரண்மனை அது. பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் குதிரை விளக்கு தொங்குகிறதே, எந்தப் பக்கம் திருப்பினாலும் நிலையாக நிற்கும் அதிசயம், அதை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆனால் மேலே பாருங்கள், செதுக்கிய மரக்கூரை. ஜப்பான்காரர்கள் இந்த விஷயத்தில் சூடுபட்டவர்கள். 1949 ஜனவரி 26ல் ஹொர்யூஜி கோயிலில் தீப்பிடித்துப் பழமையான சுவரோவியங்கள் கருகின, அடுத்த வருடமே பண்பாட்டுச் சின்னங்களைக் காக்கத் தனிச் சட்டம் போட்டார்கள், இன்றும் ஜனவரி 26ல் நாடெங்கும் கோயில்களில் தீயணைப்பு ஒத்திகை நடக்கிறது. சட்டம் வந்த அதே 1950ல் ஒரு இளம் துறவி கியோத்தோவின் பொற்கோயிலைக் கொளுத்திவிட்டார், 1955ல் திரும்பக் கட்டினார்கள். இத்தனையும் பட்டுத் தேறிய நாட்டில் 2019 அக்டோபர் 31 விடியற்காலையில் ஒகினாவாவின் ஷூரி கோட்டை எரிந்து விழுந்தது, உறுதியான காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை, மின்சாரக் கோளாறாக இருக்கலாம் என்பதுதான் சந்தேகம். கவனித்தீர்களா, சந்தேகம் மெழுகுவர்த்தி மேல் இல்லை, ஒயர் மேல்.

நாராவிலும் பாருங்கள், அந்த 20,000 மெழுகுவர்த்திகளும் புல்லிலும் குளக்கரையிலும் இருக்கின்றன, மண்டபத்துக்குள் இல்லை. பத்மநாபபுரத்துக்கும் அப்படிச் செய்யலாம். வெளிக் கோட்டைச் சுவரிலும் முற்றத்திலும் வருடத்துக்கு ஒரு வாரம், நவராத்திரிக்குச் சரஸ்வதி அம்மன் யானையேறித் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிற சமயத்தில், அகல்விளக்கு வைத்தால் எப்படி இருக்கும் என்று நானும் யோசித்திருக்கிறேன். ஆனால் அரண்மனை இருப்பது நம் மாவட்டத்தில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை, 1956லிருந்து அப்படித்தான். இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரு தீக்குச்சியைக் கிழிக்க எத்தனை கோப்பு நகர வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். கல்லால் கட்டிய வட்டக்கோட்டையில் தொடங்கினால் தீ பயமாவது இருக்காது. கடற்காற்றுக்கு எந்தத் திரி நிற்கும் என்பது வேறு விஷயம்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு ஆசிரியை: நாங்கள் கத்தோலிக்கர்கள். வேடிக்கை பார்க்க மட்டும் வேறு மதக் கோயில் விழாவுக்குப் போவது சரியா? அங்கே நம்மை விடுவார்களா?

விடுவார்கள் டீச்சர், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் கேட்டதால் ஒரு விஷயம் சொல்லலாம், மற்றவர்களுக்கும் சேர்த்து.

கோடையில், அதுவும் ஆகஸ்ட் நடுவில், ஏன் இத்தனை விளக்கு? ஓபோன் என்பது ஜப்பானியர்களின் முன்னோர் நாட்கள். பெரும்பாலான இடங்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. இறந்தவர்கள் அந்த நாட்களில் வீட்டுக்கு வருகிறார்கள், அவர்களுக்கு வழி தெரிய விளக்கு, திரும்பிப் போகவும் விளக்கு. ஆடி அமாவாசைக்கு முக்கடலில் விடியும் முன்பே தர்ப்பணம் கொடுக்க நிற்கிற கூட்டத்துக்கு இது உடனே புரியும். உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தி கொளுத்தி, பூப்போட்டு, கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவிடம் பேசுகிற ஊர் நம்முடையது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் இடம் நாரா இல்லை, கோயாசான். கூக்காய் என்கிற துறவி 816ல் ஏற்படுத்திய மலைமேல் மடங்கள், சுமார் 800 மீட்டர் உயரம், ஒசாகாவிலிருந்து ரயிலில் போய்க் கடைசியில் கேபிள் கார். அங்கே ஒக்குனோயின் என்கிற இடுகாடு, வானம் தெரியாத அளவுக்குப் பருத்த செடார் என்கிற ஊசியிலை மரங்களுக்கு நடுவே 2 கிலோமீட்டர் பாதை, இரண்டு பக்கமும் 2,00,000க்கு மேல் கல்லறைகள், ராஜாக்கள், தளபதிகள், பேர் தெரியாதவர்கள். ஆகஸ்ட் 13 இரவு அந்தப் பாதை முழுக்க சுமார் 1,00,000 மெழுகுவர்த்திகள். வந்தவர்கள் கையிலும் கொடுக்கிறார்கள், நீங்களே ஏற்றி வைக்கலாம். எனக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி ஏற்றிவிட்டு, திரியை இரண்டு கையாலும் காற்றுக்கு மறைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார், ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனாலும் என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்தது. நானும் என் அம்மாவுக்கு ஒன்று வைத்தேன். அம்மா திங்கள்சந்தையைத் தாண்டி எங்கும் போனதில்லை.

ஓபோனின் முடிவு 16ஆம் தேதி இரவு எட்டு மணிக்குக் கியோத்தோவில். ஊரைச் சுற்றி ஐந்து மலைச்சரிவுகளில் விறகடுக்கி எழுத்தாகவும் உருவமாகவும் தீ மூட்டுவார்கள், இறந்தவர்களை வழியனுப்ப. முதலில் எரிவது ‘பெரிய’ என்று பொருள்படும் எழுத்து, அதன் ஒரு கோடு மட்டும் 160 மீட்டர். ஒவ்வொன்றும் அரைமணி நேரம்தான். கார்த்திகைக்கு அண்ணாமலையை அண்ணாந்து பார்த்து நிற்கிற மாதிரி ஆற்றங்கரையெல்லாம் ஆட்கள். அணைந்ததும் பேச்சில்லாமல் கலைந்து போகிறார்கள், நம் ஊராக இருந்தால் அந்த இடத்தில் ஒரு செண்டை மேளமாவது இருக்கும்.

வேடிக்கை பார்க்கப் போவது சரியா என்றால், பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குப் போகிற மாதிரி போனால் சரி. கல்லறைமேல் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறவர்களையும் பார்த்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதில் ஒருவர் தமிழ்தான் பேசினார்.

பூதப்பாண்டி வாசகர்: சைவம் கிடைக்குமா?

கஷ்டம். காய்கறி மட்டும்தான் என்று வைப்பதிலும் மீன் வேகவைத்த சாறு இருக்கும், அவர்கள் அதை அசைவமாகவே நினைப்பதில்லை. கோயாசானில் மடத்தில் தங்கினால் கவலை இல்லை, துறவிகள் சாப்பாடு, டோஃபு, காய், அரிசி, வெங்காயம் பூண்டுகூட இருக்காது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கே போட்டு முடித்துவிடுவார்கள், விளக்குப் பார்த்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்று இருந்தால் பட்டினி. மற்ற நாளுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ பையில் இருக்கட்டும்.

ஆரல்வாய்மொழி வாசகி: வெயில், செலவு, பயணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

வெயிலைப் பற்றி ஆரல்வாய்மொழிக்காரர் கேட்கிறீர்களே, உங்களுக்குக் கணவாய்க் காற்று இருக்கிறது, கியோத்தோவுக்கு இல்லை. சுற்றி மலை, நடுவில் கிண்ணம் மாதிரி ஊர், பகலில் 35 டிகிரிக்கு மேல், ராத்திரியும் வேர்த்துக்கொண்டே இருக்கும். பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை அறையில் படுத்துத் தூங்கிவிட்டு, அஞ்சு மணிக்குக் கிளம்புங்கள். ஆகஸ்டில் புயலும் வரும், விளக்கு நிகழ்ச்சி ரத்தாகவும் கூடும், அதனால் ஒரே இரவை நம்பிப் போகாதீர்கள்.

செலவு ஓபோன் வாரத்தில் கூடுதல்தான், ஊரே ஊருக்குப் போகிற வாரம், நம் பொங்கல் ரயில் மாதிரி. வேகமான நொசோமி ரயிலில் அந்த நாட்களில் முன்பதிவு இல்லாத பெட்டியே கிடையாது. நாராவில் அறை கிடைக்காவிட்டால் ஒசாகாவில் தங்கிப் போய்வரலாம். திருவனந்தபுரத்திலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக ஒசாகாவின் கன்சாய் விமான நிலையம், எனக்கு அதுதான் வசதியாக இருந்தது. விசா வேலையை இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள்.

திருவட்டாறு வாசகர்: ஜப்பான் போக வழியில்லாதவன் என்ன செய்வது?

நீங்கள் கேட்கலாமா அண்ணாச்சி? ஆதிகேசவப் பெருமாள் கோயில் பிரகாரத்தில் 224 தூண்கள், கையில் விளக்கேந்திய கல் பெண்கள் வரிசையாக, ஒருத்தி முகம் போல இன்னொருத்தி முகம் இல்லை. ராத்திரி நடை சாத்தும் முன்னால் ஒருமுறை கரண்ட் போயிருந்தபோது, பூசை செய்கிற போற்றி யாரோ ஒருவர் கையில் எண்ணெய் விளக்கோடு அந்தப் பிரகாரத்தில் நடந்து வந்தார், அவர் நகர நகர ஒவ்வொருத்தியாக இருட்டிலிருந்து வெளியே வந்து திரும்பவும் உள்ளே போனாள். காசுகாவில் 3,000 விளக்கைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. இப்போது அதே பிரகாரத்தில் டியூப்லைட் எரிகிறது, என்ன செய்ய.

பெரிதாகப் பார்க்க வேண்டும் என்றால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் லட்சதீபம், ஆறு வருடத்துக்கு ஒருமுறை, 56 நாள் வேதம் ஓதுகிற முறைஜபம் முடிந்து மகர சங்கராந்தி அன்று. அதுவரை காத்திருக்க முடியாது என்றால், உங்கள் கோயிலிலேயே ஒரு தீபாராதனைக்கு அரைமணி முன்னால் போய், பிரகாரத்தில் டியூப்லைட் எட்டாத மூலை எது என்று பார்த்து அங்கே நில்லுங்கள். சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், கொசு பிடுங்கும். கொசுவர்த்திச் சுருளும் 1902ல் ஜப்பான்காரர்கள் விற்கத் தொடங்கியதுதான், அதைக் கோயிலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள்.